அம்மா அங்கன்வாடியில் சொல்லிக் கொடுத்தது எங்கே போனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மா 19 வருடமாக அங்கன்வாடிப் பணியாளர். உங்களோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "ஏழைப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி கொடுப்பதால் நிலையான பயன் எதுவும் இல்லை, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள், 6-ம் வகுப்பு வந்தபோது அங்கே போகாத பிள்ளைகளே நன்றாகப் படித்தார்கள்" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் தேடிப் பார்த்தபோது நேர்மாறாக, "ஒரு டாலர் செலவு செய்தால் ஏழு டாலர் திரும்பி வரும்" என்று கிடைத்திருக்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "அம்மா ரிட்டயர் ஆகப் போகிறார், இத்தனை வருடம் செய்தது வீண்தானா என்று கேட்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டே ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மனையியல் கல்லூரியில் குழந்தை வளர்ச்சி படித்தேன். அப்புறம் 26 வருடம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி, பழையவர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி, நடுநடுவே மையங்களுக்கே போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. அதனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளை எப்படிக் கற்கிறது, ஒரு மையத்தில் காலை 10 மணியிலிருந்து 12 வரை நிஜமாகவே என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு நேரில் பார்த்துத் தெரியும். பொருளாதாரம் நான் படித்ததில்லை. டாலர் கணக்கை அதைப் போட்டவர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன ஆய்வும் உண்மை, நீங்கள் படித்த ஆய்வும் உண்மை. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு விதமான வகுப்பறைகளில் நடந்தவை, பெயர்தான் ஒன்று. எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இங்கே வராத பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருந்தது, யாரோடு இருந்தது? வந்த பிள்ளைக்கு அதைவிட மேலாக என்ன கிடைத்தது? இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்ததோ அதற்கேற்றபடிதான் பலனும் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் முரண்பாடு மாதிரித் தெரிவதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஏழு டாலர் கதை வந்தது மிஷிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற சிறிய ஊரிலிருந்து. 1962 முதல் 1967 வரை, பெர்ரி என்ற தொடக்கப்பள்ளியில், டேவிட் வைகார்ட் என்பவர் தலைமையில் நடந்தது. மொத்தமே 123 பிள்ளைகள். எல்லாரும் வறுமையில் இருந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள், அறிவுத்திறன் சோதனையில் குறைவாக வாங்கியவர்கள். 58 பேருக்குப் பாலர் பள்ளி, 65 பேருக்கு இல்லை. பள்ளி என்றால் எப்படிப்பட்ட பள்ளி? வாரநாட்களில் தினமும் காலையில் இரண்டரை மணி நேரம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அவரும் பட்டம் பெற்றவர், அரசுப் பள்ளிச் சம்பளம் வாங்கியவர். வாரம் ஒரு தடவை அதே ஆசிரியர் பிள்ளையின் வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்தார். வராத பிள்ளைகள் இருந்தது வீட்டில். அந்தக் காலத்தில் அந்த ஊர் ஏழைகளுக்கு வேறு பாலர் பள்ளியே இல்லை. ஆகவே, நான் மேலே சொன்ன இடைவெளி அங்கே மிகப் பெரியது.

இனி அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 5 வயதில் அறிவுத்திறன் எண் 90-ஐத் தாண்டியவர்கள், பள்ளிக்கு வந்தவர்களில் 67 சதவீதம், வராதவர்களில் 28 சதவீதம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 8 வயது வாக்கில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. அன்றைக்கே ஆய்வை நிறுத்தியிருந்தால் "பயன் இல்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. 14 வயதில் எழுத்து, கணக்குத் தேர்வு வைத்தால் அடிப்படைத் தேர்ச்சி பெற்றவர்கள், வந்தவர்களில் 49 சதவீதம், வராதவர்களில் 15 சதவீதம் (இனி வரும் எண்களும் இதே வரிசையில்தான்). 15 வயதில் வீட்டுப்பாடம் செய்தவர்கள் 61-க்கு 38. 40 வயது வரை பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்ட கணக்கில், பள்ளி இறுதி முடித்தவர்கள் 77-க்கு 60 சதவீதம், ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் 60-க்கு 40, ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36-க்கு 55. அறிவுத்திறன் எண்ணில் கரைந்தது, வாழ்க்கையில் கரையவில்லை.

வீட்டுப்பாடக் கணக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. ஆனால் 15 வயதுப் பிள்ளை சாயங்காலம் நோட்டை விரித்து உட்காருவதற்குப் பின்னால் எத்தனை விஷயம் இருக்கிறது என்று வகுப்பறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். தன்னால் முடியும் என்ற எண்ணம், தொடங்கியதை முடிக்கும் பழக்கம், ஆசிரியர் தன்னை மதிக்கிறார் என்ற நினைப்பு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளைத் திரும்ப ஆராய்ந்து, பலன் வந்தது அறிவுத்திறன் வழியாக அல்ல, பெரும்பாலும் இந்த மாதிரி நடத்தைப் பண்புகள் வழியாகத்தான் என்று சொன்னார். இதை நான் "மிகவும் நம்பத்தக்கது" என்ற வரிசையில் வைப்பேன், "நிரூபணமானது" என்ற வரிசையில் அல்ல. 123 பேரை வைத்துக் காரணத்தை அவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பெர்ரி ஆய்வில் குறையும் உண்டு. பிரித்தது குலுக்கல் முறையில்தான். ஆனால் வேலைக்குப் போகும் அம்மாக்களால் வீட்டு வருகைக்கு இருக்க முடியாது என்பதால் சில பிள்ளைகளைப் பள்ளி இல்லாத பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சறுக்கலைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்த பிறகும் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் நின்றன. அப்புறம் அந்த ஏழு. 27 வயது வரை பார்த்துப் போட்ட கணக்கில் ஒரு டாலருக்கு ஏழு டாலர் சொச்சம் வந்தது. 40 வயதில் அது 16 டாலர் ஆனது. ஹெக்மன் குழுவினர் 2010-ல் சொன்னது வேறு: ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத வருவாய். ஏழு டாலரும் ஏழு சதவீதமும் ஒன்றல்ல, ஆனால் மேடைகளில் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. 40 வயதுக் கணக்கில் பொதுமக்களுக்குத் திரும்பி வந்த பணத்தில் 88 சதவீதம், குற்றங்கள் குறைந்ததால் மிச்சமானது: போலீஸ், கோர்ட், சிறை, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பு. அமெரிக்காவில் ஒருவரைச் சிறையில் வைக்க ஆகும் செலவு நம் ஊரோடு ஒப்பிடவே முடியாதது. ஆகவே அந்த ஏழு டாலரை ஏழு ரூபாயாக மாற்றி நம் அங்கன்வாடிக்கு ஒட்டவைப்பது தவறு. நல்ல நோக்கத்தோடு அதைச் சொல்கிறவர்களிடமும் நான் இதைச் சொல்வதுண்டு. நாளைக்கு யாராவது உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்து "இது பொய்" என்றால், அங்கன்வாடியே பொய் என்று ஆகிவிடும். உங்கள் அம்மாவின் வேலைக்கு அந்தக் கடன்வாங்கிய எண் தேவையில்லை.

பெர்ரிக்குத் துணையாக எப்போதும் சொல்லப்படுவது அபிசிடேரியன் என்ற திட்டம். வட கரோலினாவில் சாப்பல் ஹில் ஊரில் 1972-ல் தொடங்கியது. அதில் 111 கைக்குழந்தைகள். சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே சேர்த்து, 5 வயது வரை, நாள் முழுக்க, வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். 30 வயதில் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் 23 சதவீதம், மற்ற பக்கத்தில் 6 சதவீதம். முப்பதுகளின் நடுவில் உடல் பரிசோதனை செய்தபோது, திட்டத்தில் இருந்த ஆண்களின் இரத்த அழுத்தம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் பெர்ரியில் பெரிதாகத் தெரிந்த குற்றக் குறைவு இங்கே தெளிவாகத் தெரியவில்லை. இரண்டுமே நல்ல திட்டங்கள், பலன் மட்டும் வேறு வேறு இடத்தில் வந்திருக்கிறது. "பாலர் பள்ளி போனால் இது நடக்கும்" என்று ஒரே வரியில் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் நண்பரின் ஆய்வுக்கு வருகிறேன். அவர் சொன்னது டென்னசி மாநிலத்தில் நடந்தது. அரசு நடத்திய 4 வயதுப் பிள்ளைகளுக்கான திட்டம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்த பள்ளிகளில் குலுக்கல் போட்டுச் சேர்த்தார்கள். அப்படிக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று 2,990 பிள்ளைகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டேல் ஃபரன், மார்க் லிப்சி குழுவினர் பின்தொடர்ந்தார்கள். முதலில் திட்டத்துக்குப் போனவர்கள் முன்னால் இருந்தார்கள். 3-ம் வகுப்பில் மற்றவர்கள் எட்டிப்பிடித்துத் தாண்டத் தொடங்கினார்கள். 2022-ல் வெளியான 6-ம் வகுப்பு முடிவில், போனவர்கள் மாநிலத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்கு நடவடிக்கைகளும் அவர்கள் மேல் அதிகம். எண்ணிக்கை பெரியது, முறை நல்லது. இதைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. எனக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக அதை மறைத்து உங்களுக்கு எழுதினால் உங்கள் அம்மாவுக்கு நான் செய்வது நல்லதாக இருக்காது.

ஆனால் இங்கேயும் அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வராத பிள்ளை எங்கே இருந்தது? 2009-க்குப் பிறகு அங்கே நிலைமை 1962 மாதிரி இல்லை. இடம் கிடைக்காத பிள்ளைகளில் ஒரு பகுதி வேறு பாலர் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போனது. வந்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது? ஆய்வை நடத்திய ஃபரனே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வகுப்பு முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் சொல்வது, வரிசையில் நிற்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, "கையைக் கட்டு, வாயை மூடு" என்று கட்டுப்படுத்துவது, இதிலேயே நேரம் அதிகம் போனதைக் கண்டதாகச் சொல்கிறார். இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, அவருடைய ஊகம்தான். ஆனால் மையங்களில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் அந்த ஊகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கு நடுவில் ஹெட் ஸ்டார்ட் இருக்கிறது. 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகத் தொடங்கிய, நாடு முழுவதற்குமான திட்டம். சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, படிப்பு மூன்றும் சேர்ந்தது என்பதால், பார்த்த மாத்திரத்தில் நம் அங்கன்வாடிக்கு நெருக்கமாகத் தெரிவது இதுதான். 1969-லேயே "பலன் கரைந்துபோகிறது" என்று இதன் மேல் அறிக்கை வந்துவிட்டது. 2002-ல் தொடங்கி ஐயாயிரம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவானவர்களை வைத்துக் குலுக்கல் முறையில் செய்த பெரிய ஆய்விலும், தொடக்கத்தில் தெரிந்த முன்னேற்றம் 1-ம் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலும் காணாமல் போனது. ஆனால் அந்தத் தரவைத் திரும்பப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஹெட் ஸ்டார்ட் கிடைக்காவிட்டால் வேறு பாலர் பள்ளிக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களைப் பொறுத்தவரை ஒப்பீடு பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் அல்ல, ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் நடுவில்.

பெரியவர்களான பிறகு ஹெட் ஸ்டார்ட் பலன் உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. டேவிட் டெமிங் என்பவர் 2009-ல் ஒரே வீட்டு அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்; ஒருவர் போயிருப்பார், இன்னொருவர் போயிருக்க மாட்டார். மார்க்கில் இருந்த வித்தியாசம் கரைந்தாலும், இளைஞர்களானபோது போனவர்கள் மேலாக இருந்தார்கள் என்று கண்டார். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே முறையைப் பிற்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பொருத்தியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது உடல்நலப் பக்கம். 1965-ல் மிகவும் ஏழ்மையான 300 மாவட்டங்களுக்கு விண்ணப்பம் தயாரிக்க அரசு உதவியது. அந்த எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மாவட்டங்களை ஒப்பிட்டபோது, இத்திட்டத்தால் தடுக்கக்கூடிய காரணங்களால் 5 முதல் 9 வயதுக்குள் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, உதவி கிடைத்த பக்கத்தில் குறைந்திருந்தது. தடுப்பூசி அட்டையைச் சரிபார்ப்பது, எடை குறைந்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என்று உங்கள் அம்மா செய்ததும் அந்த மாதிரி வேலைதான்.

உங்கள் நண்பரிடம் இன்னொரு ஊரின் பெயரையும் சொல்லுங்கள்: பாஸ்டன். அங்கே 1997 முதல் 2003 வரை அரசுப் பாலர் பள்ளிக்குக் குலுக்கல் போட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பின்னால் பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அங்கேயே நின்றிருந்தால் டென்னசி மாதிரிதான் முடிந்திருக்கும். ஆனால் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் 6 சதவீதப் புள்ளிகள் அதிகம், முடித்த கையோடு கல்லூரிக்குப் போனவர்கள் 8 சதவீதப் புள்ளிகள் அதிகம், பள்ளி வயதில் தண்டனையும் சிறுவர் காவலும் குறைவு. பெர்ரியில் 123 பேரிடம் கண்ட அதே வடிவம், நாற்பது வருடம் கழித்து ஒரு பெரிய நகரத்தில். ஆகவே 6-ம் வகுப்பு மார்க்கை வைத்து 25 வயது வாழ்க்கையைச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. அதற்காக டென்னசிப் பிள்ளைகளுக்கும் பின்னால் நல்லதாகத்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு.

கட்டடமும் வகுப்பறையும் இல்லாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சூழ்நிலைக்கு இதுவே அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரில் 1986-87-ல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், வயது 9 மாதத்திலிருந்து 2 வருடம் வரை. சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் செய்தது. சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், வீட்டில் கிடைத்த பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் இப்படி வீட்டு வருகை கிடைத்த பிள்ளைகளின் சம்பாத்தியம், அது கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். சத்துமாவு கொடுக்க வீடு வீடாகப் போகும்போது உங்கள் அம்மா வாசலில் நின்று "என்ன, பிள்ளை கதை சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார் அல்லவா, ஜமைக்காவில் அதையே ஒழுங்கு பண்ணி ஒரு மணி நேரமாக நீட்டியிருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். ஆறாவதாக நான் எழுதியது நடப்பிலும் பெரும்பாலும் ஆறாவதாகத்தான் நிற்கும். இந்தப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 40 வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு நம்மிடம் கிடையாது. ஆகவே "அங்கன்வாடிக்குப் போனவர்கள் பெரியவர்களாகி இவ்வளவு அதிகம் சம்பாதிக்கிறார்கள்" என்று யாராவது பெர்ரி மாதிரி அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டிலேயே நடந்த நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் மூவரும் செய்தது. 320 அங்கன்வாடிகள். குலுக்கல் போட்டு அதில் பாதிக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கூடுதலாக நியமித்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். ஒன்றரை வருடத்தில், படிப்புக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது, மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். எனக்கு வியப்பாக இருந்தது அடுத்தது: வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. ஏனென்றால் பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்தது. எடை பார்க்கவும் வீடுகளுக்குப் போகவும் நேரம் கிடைத்தது. இது நீண்டகாலப் பலன் அல்ல, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாக இன்னும் வருடங்கள் ஆகும். ஆனால் பெண் ஒருத்தியின் அரை நாள் என்ன செய்யும் என்று நம் மண்ணிலேயே காட்டியது.

அந்த அரை நாளில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்த இரண்டு காலை வேளைகளைச் சொல்கிறேன். ஒரு மையம். மணி பத்தேகால். பதினான்கு பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பணியாளர் மடியில் பதிவேடு, கையில் போன், வாசலில் தடுப்பூசி அட்டையோடு இரண்டு அம்மாக்கள். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. பெரிய பிள்ளை ஒன்று "அ... அம்மா" என்று கத்த, மற்றவர்கள் திரும்பக் கத்துகிறார்கள். நாற்பது நிமிடம் அப்படியே போனது. அந்தப் பணியாளர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

இன்னொரு மையம், மழைநாள், ஒன்பது பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் கொட்டாங்குச்சிகள். நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் டீச்சர் கேட்டார், "நீ என்ன செய்யப் போறே?" அவன் யோசித்து, "கடை வெக்கப் போறேன்" என்றான். "என்ன கடை?" "முட்டைக் கடை." கொட்டாங்குச்சியில் கொட்டைகளை நிரப்பி, இலையைக் காசாக வாங்கி, அரை மணி நேரம் கடை நடந்தது. நடுவில் ஒரு பெண் பிள்ளை காசு கொடுக்காமல் முட்டையை எடுத்துக்கொண்டு போக, அழப் போனவன் அடக்கிக்கொண்டு, "நாளைக்குக் குடு" என்றான். முடிந்ததும் டீச்சர், "எத்தனை முட்டை வித்தே? யாரு காசு தரல?" என்று கேட்டார். அவன் விரல் விட்டு எண்ணிச் சொன்னான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பது, செய்யவிடுவது, என்ன செய்தாய் என்று கேட்பது. பெர்ரி பள்ளியிலிருந்து வளர்ந்த கற்பித்தல் முறையின் மையமே இந்த மூன்றும்தான். அந்த டீச்சர் இப்சிலாண்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. "சும்மா விட்டா அடிச்சிக்குதுங்க மேடம், இப்படிக் கேட்டுட்டே இருந்தா வேலையில இருக்குதுங்க" என்று சொன்னார்.

கரைகிறது, கரைகிறது என்கிறார்களே, அதைப் பற்றியும் கொஞ்சம். ஒரு பிள்ளை 4 வயதில் நூறு வரை எண்ணக் கற்றால், இன்னொரு பிள்ளை 6 வயதில் 1-ம் வகுப்பில் அதைக் கற்றுக்கொள்ளும். அப்போது வித்தியாசம் மறையும். முதல் பிள்ளை மறந்துவிடவில்லை, இரண்டாவது பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. எழுத்தும் எண்ணும் எப்படியும் பள்ளியில் கிடைக்கும். அழுகையை அடக்கி "நாளைக்குக் குடு" என்று சொல்வதை 1-ம் வகுப்பில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. பாலர் பள்ளி முடிந்து போய்ச் சேரும் பள்ளி எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது இது. நாற்று நன்றாக இருந்தும் நடுகிற வயலில் தண்ணீர் இல்லை என்றால் விளைச்சலுக்கு நாற்றங்காலைக் குறை சொல்ல முடியாது. இந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆனால் இதில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

கூட்டங்களில் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொல்லித்தான் எல்லாரும் பேச்சைத் தொடங்குவார்கள். நான் பயிற்சியில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அங்கன்வாடிக்கே வராத பிள்ளையின் அம்மாவுக்கு அது "உன் பிள்ளை அவ்வளவுதான்" என்று கேட்கிறது. எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. பெர்ரியில் பள்ளிக்கு வராதவர்களிலும் 60 சதவீதம் பேர் பள்ளி இறுதி முடித்தார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். 19 வருடத்துக்கு முன்பு அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, மையத்துக்கு வராத பிள்ளை எங்கே இருந்திருக்கும்? களைபறிக்கிற இடத்தில் வரப்பு ஓரமாக, அல்லது அக்கா பள்ளிக்குப் போகாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு, அல்லது கண் தெரியாத பாட்டியோடு. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் அம்மாவின் மையம் கொடுத்தது பெரிய இடைவெளி. ஒரு வேளை சோறு, முட்டை, எடை பார்த்த கை, பாட்டு, கதை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரிய மனுஷி. வேலைக்குப் போன அம்மாவுக்கு நிம்மதி, அக்காவுக்குப் பள்ளிக்கூடம். இப்போது அதே ஊரில் வேன் வைத்த நர்சரிப் பள்ளி வந்திருக்கும், 2019-ல் அரசே 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. இன்றைய பிள்ளைக்கு ஒப்பீடு வேறு, இடைவெளியும் வேறு. ஆகவே அவரிடம் படித்த முதல் சில வருடத்துப் பிள்ளைகளுக்கும் கடைசி சில வருடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு பலன் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீண் என்ற சொல்லுக்கு நான் பார்த்த எந்தத் தரவிலும் இடம் இல்லை. டென்னசியில்கூட அவர்கள் ஒப்பிட்டது சோறும் தடுப்பூசியும் இல்லாத பிள்ளையோடு அல்ல.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள், தம்பி. எடை எடுப்பது, பதிவேடு, போன் செயலி, சத்துமாவு இறக்குவது, கணக்கெடுப்பு எல்லாம் போக, ஒரு நாளில் பிள்ளைகளோடு தரையில் உட்கார அவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? சேர்ந்த புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? 320 மைய ஆய்வில் இரட்டிப்பானது அந்த நிமிடங்கள்தான்.